இன்னும் வந்துசேராத ஆளுக்கு வாங்கிய லென்ஸ்கள்

லைட்ரூம் மாதிரி ஏதாவது ஒரு மென்பொருளில் உங்கள் படங்களைச் சேர்த்து வைப்பவர் என்றால் ஒன்று செய்து பாருங்கள். போன ஓராண்டில் எடுத்ததை லென்ஸ் வாரியாகப் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். சோதனைக்கு எடுத்தது, தவறிப்போய் அழுத்தியது எல்லாவற்றையும் தள்ளிவிட்டு, நாலு பேருக்குக் காட்டலாம் என்று தோன்றிய படங்களை மட்டும் கணக்கில் வையுங்கள். எந்த லென்ஸ், எத்தனை எம்எம் (எண் சிறிதானால் அகலமான காட்சி, பெரிதானால் தூரத்தை இழுக்கும்), என்ன அபெர்ச்சர் (லென்ஸின் துளை எவ்வளவு திறந்திருந்தது) என்பதை ஒவ்வொரு படத்துக்குள்ளும் கேமராவே எழுதி வைத்திருக்கிறது; அதனிடம் சாக்குப்போக்கு செல்லாது. அனேகம் பேருக்கு அந்தப் பட்டியல் ஒன்றிரண்டு லென்ஸ்களிலேயே முடிந்துவிடும். எனக்கு 35 எம்எம். ரொம்பத் தள்ளி, இரண்டாவது இடத்தில், சின்னப் பொருள்களை மிக நெருக்கத்தில் எடுக்கும் ஒரு மேக்ரோ. மற்றவை ஈரப்பதம் பார்த்து, பூட்டிய பெட்டிக்குள் பத்திரமாக இருக்கின்றன.

இந்தக் கணக்கைப் பார்த்துவிட்டு யாரும் மிச்ச லென்ஸ்களை விற்றதாக நான் கேள்விப்பட்டதில்லை. நானும் விற்கவில்லை. தேவைக்கு மேல் இருக்கிறது என்று தெரிந்தும் ஏன் சேர்க்கிறோம், சேர்த்ததை ஏன் விட மாட்டேன் என்கிறோம் என்று கொஞ்ச நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

ஒரே லென்ஸோடு காலம் தள்ளிய புகைப்படப் பெரியவர்களின் கதைகள் நமக்கு மனப்பாடம். ஆன்ரி கார்த்தியே-பிரெஸ்ஸோன் தன் படங்களில் பெரும்பாலானவற்றை லைகா கேமராவில் 50 எம்எம் போட்டே எடுத்தார். யோசெஃப் கூதெல்கா 1960களில் செக்கோஸ்லோவாக்கியாவின் ரோமா மக்களோடு அலைந்தபோது கையில் இருந்தது எக்ஸாக்டா கேமராவும் 25 எம்எம் ஃபிளெக்டகான் லென்ஸும். விவியன் மேயர் கழுத்தில் தொங்கிய ரோலைஃப்ளெக்ஸில் லென்ஸைக் கழற்றவே வழி கிடையாது. இந்தப் பெயர்களைச் சொல்லி நம்மைத் திருத்தப் பார்ப்பவர்கள் உண்டு. நான் பார்த்தவரை அந்த மருந்து வேலை செய்ததில்லை. பிரெஸ்ஸோன் 50 எம்எம் வைத்திருந்தார் என்று படித்தவுடன் நாம் முதலில் செய்வது, நம்மிடம் இருக்கும் 50 எம்எம் போதாது என்று இன்னொரு நல்ல 50 எம்எம் தேடுவதுதான்.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று சொல்லி விஷயத்தை முடித்துவிடலாம். ஆனால் உள்ளரங்கில் நடக்கும் ஷட்டில் ஆட்டத்தை எஃப்/5.6 தாண்டித் திறக்காத (எஃப் எண் சிறிதானால் துளை பெரிது, வெளிச்சம் அதிகம்), கேமராவோடு சேர்ந்து வரும் கிட் லென்ஸில் எடுத்துப் பார்த்தவருக்குத் தெரியும், சில கூடங்கள் நிஜமாகவே கோணல்தான். ஷட்டரை வேகமாக வைத்தால் படம் இருட்டு. வெளிச்சத்துக்கான உணர்திறனை, அதாவது ஐஎஸ்ஓவை ஏற்றினால் புள்ளி புள்ளியாக மணல். எறும்பின் கண்ணை எடுக்க, பொருளும் அதன் பிம்பமும் ஒரே அளவில் வரும் 1:1 மேக்ரோதான் வேண்டும். நாலு அடி தள்ளி முடிந்துவிடும் சின்ன அறையை முழுசாக எடுக்க 50 எம்எம்மை வைத்துக்கொண்டு சுவரைத் துளைத்துப் பின்னால் போக முடியாது. இதெல்லாம் ஆசையில் சேராது.

‘காலால் ஜூம் செய்’ என்ற அறிவுரையும் பாதிதான் சரி. நடந்து கிட்டே போனால் மாறுவது பொருளின் அளவு மட்டும் இல்லை. முன்னால் இருக்கும் முகத்துக்கும் பின்னால் இருக்கும் மலைக்கும் உள்ள உறவே மாறிவிடும். அந்த உறவைத் தீர்மானிப்பது நாம் நிற்கும் இடம். நின்ற இடத்திலிருந்து எவ்வளவை வெட்டி எடுப்பது என்பதுதான் லென்ஸின் வேலை. முதலில் இடத்தை முடிவு செய்துவிட்டுப் பிறகு லென்ஸை எடுப்பவருக்கு ஒன்றுக்கு மேற்பட்ட லென்ஸ் தேவைப்படுவதில் நியாயம் இருக்கிறது. அகலமாக ஒன்று, நடுவாந்தரமாக ஒன்று, தூரத்துக்கு ஒன்று. மிஞ்சிப் போனால் ஒரு மேக்ரோ. அதோடு தேவையின் எல்லை முடிந்துவிடுகிறது. நம் பெட்டிகள் அந்த எல்லையிலிருந்துதான் ஆரம்பிக்கின்றன.

அந்த எல்லையைத் தாண்டியதும் முதலில் நம்மைப் பிடிப்பது எண் வரிசை. முழுச் சட்ட கேமராவில் (சென்சார் பழைய 35 எம்எம் ஃபிலிம் சட்டத்தின் அளவுக்கு இருப்பது) 24 எம்எம் லென்ஸ் மூலைக்கு மூலை ஏறத்தாழ 84 பாகை பார்க்கும். 35 எம்எம்முக்கு 63, 50 எம்எம்முக்கு 47, 85 எம்எம்முக்கு 29க்குக் கொஞ்சம் குறைவு, 135 எம்எம்முக்கு 18. இதை ஒரு வரிசையாக எழுதிப் பாருங்கள். உடனே நடுவில் ஓட்டைகள் தெரியும். 24க்கும் 35க்கும் நடுவே 28 இல்லையே. 35க்கும் 50க்கும் நடுவே யாரோ 40 எம்எம் செய்கிறார்களாமே. முழுச் சட்டத்தின் மூலைவிட்டம் 43.3 மி.மீ. என்பதால் 40க்கும் 43க்கும் ‘இயற்கையான பார்வை’ என்று ஒரு சாஸ்திரமும் தயாராக இருக்கிறது. வெளியே போய் நிற்கும்போது யாருக்கும் 40 எம்எம் அளவில் ஓர் ஓட்டை கண்ணில் பட்டதில்லை. அது பட்டியலில் மட்டுமே இருக்கும் ஓட்டை. ஆனாலும் பட்டியல் போடத் தெரிந்த மூளைக்கு அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பது கஷ்டம்.

அபெர்ச்சர் ஏணி இதைவிடப் பொல்லாதது. எஃப்/1.8 இருக்கும். 1.4 வேண்டும் என்று தோன்றும். அது வந்த பின் 1.2 தெரியும். அதற்கும் மேலே 0.95 உட்கார்ந்திருக்கும். 1.8லிருந்து 1.4க்குப் போனால் கிடைக்கும் கூடுதல் வெளிச்சம் ஏறக்குறைய மூன்றில் இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பு). 1.4லிருந்து 1.2க்கு அரை ஸ்டாப்கூடச் சரியாக வராது. பின்புலம் மங்குவதற்காக என்பார்கள். 85 எம்எம் லென்ஸை வைத்து இரண்டு மீட்டர் தள்ளி நிற்பவரை எடுத்தால், எஃப்/1.4ல் தெளிவாக விழும் ஆழம் சுமார் நாலரை செ.மீ. எஃப்/1.8ல் அது ஆறு செ.மீ.க்குக் கொஞ்சம் குறைவு. வித்தியாசம் ஒரு விரல் அகலம்கூட இல்லை. அந்த ஒரு விரலுக்காக லென்ஸின் எடையும் விலையும் எத்தனை மடங்கு ஏறுகின்றன என்பது ஏணியில் ஏறியவர்களுக்குத் தெரியும். 2019ல் நிக்கான் கொண்டுவந்த 58 எம்எம் எஃப்/0.95 நாக்ட் லென்ஸ் தனியாகவே 2 கிலோ. ஆட்டோஃபோகஸும் கிடையாது, கையால்தான் திருக வேண்டும்.

வெளிச்சத்துக்கான இந்தப் பசி ஒரு காலத்தில் சுத்தமான தேவையாக இருந்தது. 1840ல் யோசெஃப் பெட்ஸ்வால் கணக்குப் போட்டு வடிவமைத்த முக லென்ஸ் ஏறத்தாழ எஃப்/3.6 அளவுக்குத் திறந்தது. அதுவரை டகேரோடைப் என்ற, தகட்டில் படம் பதியும் ஆரம்ப காலத்துக் கேமராக்களில் இருந்த லென்ஸ்கள் அதோடு ஒப்பிட்டால் இருட்டு. நிமிடக் கணக்கில் கண் கொட்டாமல் உட்கார வேண்டியிருந்தவர்கள் நிமிடத்துக்கும் குறைவான நேரத்தில் எழுந்து போக முடிந்தது. உருவப்படத் தொழில் சாத்தியமானதில் அந்த லென்ஸுக்குப் பெரிய பங்கு உண்டு. ஃபிலிம் காலத்திலும் இந்த நியாயம் நீடித்தது. 400 ஐஎஸ்ஓ ஃபிலிமைப் போட்டுக்கொண்டு இரவில் இறங்கினால் ஒரு ஸ்டாப் என்பது படம் கிடைப்பதற்கும் கிடைக்காததற்கும் உள்ள தூரம். இன்று 6400 ஐஎஸ்ஓவில் எடுத்ததைப் பெரிதாக அச்சடித்து மாட்டுகிறோம். காரணம் போய்விட்டது, ஆசை மட்டும் பழைய விலாசத்திலேயே குடியிருக்கிறது.

எண்ணும் ஏணியும் ஒரு லென்ஸ் ஏன் கண்ணில் படுகிறது என்பதைத்தான் விளக்கும். அதை ஏன் வாங்கி வீட்டுக்குக் கொண்டுவருகிறோம் என்பதற்கு எனக்குத் தோன்றும் காரணம் வேறு. ஒவ்வொரு லென்ஸையும் நாம் ஓர் ஆளுக்காக வாங்குகிறோம். அந்த ஆள் நம் பெயர், நம் முகம் உள்ளவர்தான். ஆனால் இன்னும் வந்துசேரவில்லை. 600 எம்எம் வாங்குபவர் விடியலுக்கு முன்னால் எழுந்து நீர்நிலைக்குப் போய் அசையாமல் உட்காரப்போகிற ஒருவருக்காக வாங்குகிறார். சரியும் கட்டடக் கோடுகளை நிமிர்த்திக் காட்டும் டில்ட்-ஷிஃப்ட் லென்ஸை வாங்குபவர் கட்டடங்களின் முன்னால் முக்காலியை நிறுத்தி, மட்டம் பார்த்து, அரை மணி நேரத்தில் ஒரு படம் எடுக்கிற பொறுமைசாலிக்காக வாங்குகிறார். எல்லாவற்றையும் வளைத்துக் காட்டும் மீன்கண் லென்ஸ் வாங்கியவர் யாருக்காக வாங்கினார் என்பது மட்டும் எனக்கு இதுவரை பிடிபடவில்லை.

நண்பர் ஒருவர் 150-600 எம்எம் ஜூம் வைத்திருக்கிறார். சுமார் 2 கிலோ. வாங்கியபோது பறவை வழிகாட்டி நூல், மறைந்திருக்கத் துணி, முக்காலிக்கு ஆட்டி அசைக்கும் தலை என்று ஒரு குடும்பமே வந்து இறங்கியது. பறவைகளைப் பற்றி அவருக்கு நிஜமாகவே நிறையத் தெரியும். எந்தச் சிறகு எந்தப் பருவத்தில் நிறம் மாறும் என்று சொல்வார். அவருக்கு இருக்கும் ஒரே சிக்கல் காலைத் தூக்கம். பறவைகள் ஐந்தரைக்கு வேலையை ஆரம்பிக்கின்றன. இவர் எட்டரைக்கு எழுகிறார். லென்ஸால் அந்த மூன்று மணி நேரத்தை ஒன்றும் செய்ய முடியவில்லை. அதை விற்றுவிடுங்களேன் என்று ஒரு தடவை சொன்னேன். அடுத்த குளிர்காலத்தில் வலசைப் பறவைகள் வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்றார். அவர் குரலில் ஏமாற்று எதுவும் இல்லை. அந்தக் குளிர்காலத்தில் ஐந்து மணிக்கு எழப்போகிற அவரை அவர் தெளிவாகவே பார்த்துக்கொண்டிருந்தார்.

சில சமயம் அந்த ஆள் வந்தும்விடுகிறார், அதையும் சொல்லத்தான் வேண்டும். என் மேக்ரோ அப்படித்தான். வாங்கியபோது பூச்சிகள்மேல் எனக்குத் தனிப் பிரியம் ஒன்றும் கிடையாது. இருக்கும் என்று நினைத்து வாங்கினேன். நெடுநாள் அது மோதிரங்களையும் கைக்கடிகாரங்களையும் எடுத்துக்கொண்டு கிடந்தது. பிறகு ஒரு மழைக்காலத்தில் ஜன்னல் சட்டத்தில் குளவி கூடு கட்ட ஆரம்பித்தது. அதைப் பார்க்க உட்கார்ந்தவன் எழுந்திருக்கவே இல்லை. 1:1 அளவில் எஃப்/8 வைத்தாலும் தெளிவின் ஆழம் ஒரு மில்லிமீட்டரை ஒட்டித்தான் நிற்கும். மூச்சு விட்டால் ஃபோகஸ் கண்ணிலிருந்து கொம்புக்குப் போய்விடும். அந்த மெல்லிய தளத்தில் முன்னும் பின்னும் ஆடி ஆடிப் பழகியதில், பூச்சி பார்க்கிற ஒருவன் எனக்குள்ளே மெதுவாக வந்து உட்கார்ந்துவிட்டான். லென்ஸ் அவனுக்கு முன்னாடியே வந்து காத்திருந்தது. தேவைக்கு மேல் வாங்காதே என்று யாராவது கண்டிப்பாகச் சொல்லித் தடுத்திருந்தால் அவன் வந்திருக்கவே மாட்டான். ‘தேவை’ என்ற அளவுகோலின் மேல் எனக்கு முழு நம்பிக்கை வராமல் போனதற்கு இந்தக் குளவிதான் காரணம். தேவை என்பது ஏற்கனவே நாம் என்னவாக இருக்கிறோமோ அதை மட்டும் அளக்கும்.

விற்க முடியாமல் போவதும் இங்கிருந்துதான் வருகிறது. பொருளாதாரத்தில் இதற்கு ஒரு விளக்கம் உண்டு. கானெமன், நெட்ச், தேலர் மூவரும் 1990ல் வெளியிட்ட ஆய்வில் மாணவர்களில் பாதிப் பேருக்குக் கோப்பைகளைக் கொடுத்துவிட்டு, அவற்றை விற்கவும் வாங்கவும் விட்டார்கள். கோப்பை கிடைத்தவர்கள் கேட்ட விலை, கிடைக்காதவர்கள் தர முன்வந்த விலையைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. கைக்கு வந்த பொருளுக்கு வந்த மாத்திரத்திலேயே மதிப்பு கூடிவிடுகிறது. லென்ஸ் விஷயத்தில் இதுவும் சேர்கிறது, ஆனால் கோப்பையோடு யாரும் எதிர்காலத்தைக் கட்டி வைப்பதில்லை. 600 எம்எம்மை விற்பது என்றால் அந்த ஐந்து மணி ஆளிடம், இனி நீ வர வேண்டாம் என்று சொல்ல வேண்டும். அதைச் சொல்ல நாக்கு எழுவதில்லை. அதனால் ‘லென்ஸ் விலை அவ்வளவு சீக்கிரம் இறங்காது, இது முதலீடு’ என்று ஏதோ ஒன்றைச் சொல்லிக்கொள்கிறோம். கேமரா பாடியோடு ஒப்பிட்டால் நல்ல லென்ஸ் மெதுவாகத்தான் விலை இறங்கும் என்பது உண்மை. விற்காத வரைக்கும் அந்த உண்மையால் யாருக்கும் காலணா பயன் இல்லை என்பதும் உண்மை.

வாங்கும் ஆசை எப்போது ஏறுகிறது என்று என்னையே கவனித்திருக்கிறேன். படம் எடுக்கிற நாட்களில் ஏறுவதில்லை. வெளியே போய்க் கால் வலிக்கத் திரும்பி, எடுத்ததைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கும் இரவில் இன்னொரு லென்ஸின் நினைவே வராது. வேலை நெருக்கத்தில் கேமராவைத் தொடாமல் வாரங்கள் ஓடும்போதுதான் இரவு பதினோரு மணிக்கு விமர்சனங்கள் திறக்கும். மூலைகளின் கூர்மை எப்படி, அபெர்ச்சர் இதழ்கள் எத்தனை, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் கண்ட்ராஸ்ட் நிற்குமா. லென்ஸின் கூர்மையைக் கோடாகக் காட்டும் எம்டிஎஃப் வரைபடத்தில் கோடு எங்கே சரிகிறது என்று படிப்பதும் ஒரு வகையில் புகைப்படத்தோடு இருப்பதுதான். யாரோ எடுத்த செங்கல் சுவரை நூறு சதவீதத்துக்குப் பெரிதாக்கி இடது கீழ் மூலையைப் பார்த்துக்கொண்டிருக்கையில், நாமும் இந்தப் பக்கத்து ஆள்தான் என்ற உறுதி கிடைக்கிறது. வெளியே போவதற்கு நேரம், வெளிச்சம், மனநிலை மூன்றும் ஒன்றாக அமைய வேண்டும். லென்ஸ் ஆராய்ச்சிக்குத் தலையணை போதும்.

தொழில்முறையாகப் படம் எடுப்பவர்களிடம் இந்த நோய் குறைவாக இருப்பதற்கும் இதுவே காரணம் என்று நினைக்கிறேன். அவர்களுக்கு எடுக்காத நாட்கள் குறைவு. திருமண நிகழ்ச்சிகளை எடுக்கும் பலரிடம் இரண்டு பாடி, இரண்டு மூன்று லென்ஸ், அதற்கு மேல் விளக்குகள்தான் இருக்கும். லென்ஸ் பழுதானால் வேலை நிற்கும் என்பதால் ஒரே மாதிரி இரண்டு வைத்திருப்பவர்களும் உண்டு. அந்த இரண்டாவது, ஆசையில் வாங்கியது இல்லை. அவர்களிடம் லென்ஸைப் பற்றிப் பேச்சுக் கொடுத்தால் எடையைப் பற்றித்தான் சொல்வார்கள். 70-200 எஃப்/2.8 லென்ஸ்கள் பலவும் ஒன்றரை கிலோவை ஒட்டி வரும். எட்டு மணி நேரம் அதைத் தூக்கியவருக்கு அழகியல் பேசத் தெம்பு இருக்காது.

பழைய லென்ஸ் பைத்தியம் தனி ரகம். அதை மேலே சொன்னவற்றோடு சேர்த்தால் நியாயம் இல்லை.

இது இவ்வளவு பரவியதற்கு ஓர் எளிய அளவு காரணம். லென்ஸ் பொருந்தும் வளையமான மவுண்டுக்கும் ஃபிலிம் அல்லது சென்சார் இருக்கும் தளத்துக்கும் நடுவே ஒரு நிலையான தூரம் உண்டு. காட்சியை வ்யூஃபைண்டருக்குத் திருப்பிவிடும் முகம் பார்க்கும் கண்ணாடி துள்ளுவதற்கு இடம் விட வேண்டியிருந்ததால் பழைய எஸ்எல்ஆர் கேமராக்களில் அது அதிகம். எம்42 திருகு மவுண்டில் சுமார் 45.5 மி.மீ., நிக்கான் எஃப் மவுண்டில் 46.5. கண்ணாடியே இல்லாத மிரர்லெஸ் வந்ததும் அது சுருங்கியது. சோனியின் இ மவுண்டில் 18 மி.மீ., நிக்கானின் இஸட் மவுண்டில் 16. மிச்சம் இருக்கும் இடைவெளியில் வெறும் உலோகக் குழாய் ஒன்றைப் போட்டால் போதும். உள்ளே ஒரு கண்ணாடித் துண்டுகூட வேண்டாம். ஏறக்குறைய எந்தக் காலத்து எஸ்எல்ஆர் லென்ஸும் புதுக் கேமராவில் உட்கார்ந்துவிடும். 2013ல் சோனி ஏ7 வரிசை முழுச் சட்ட சென்சாரோடு வந்தபோது, பரணில் கிடந்த லென்ஸ்களுக்கெல்லாம் மறுபிறவி. தூசு தட்டி எடுத்துப் போட்டவர்களுக்கு முதல் நாளே ஒன்று புரிந்தது: மற்ற மவுண்டுகளிலும் இதே போல அரை நூற்றாண்டு லென்ஸ்கள் காத்திருக்கின்றன.

ஹீலியோஸ் 44ஐ எடுத்துக்கொள்ளுங்கள். சோவியத் காலத்து ஸெனிட் கேமராக்களோடு வந்த 58 எம்எம் எஃப்/2 லென்ஸ். போருக்கு முந்தைய கார்ல் ஸைஸ் பயோட்டார் வடிவமைப்பின் வழித்தோன்றல். சரியான தூரத்தில் ஆளை நிறுத்தி, பின்னால் இலைதழைகளை வைத்துத் திறந்து எடுத்தால் அந்த இலைப் புள்ளிகள் எல்லாம் சட்டத்தின் நடுவைச் சுற்றிச் சுழல்வது போலத் தெரியும். ஓரங்களுக்குப் போகப்போக ஒளிவட்டம் வெட்டுப்பட்டுக் கண் வடிவமாவதும், தெளிவுத் தளம் தட்டையாக இல்லாமல் வளைந்திருப்பதும் சேர்ந்து செய்கிற வேலை அது. லென்ஸ் வடிவமைப்பாளருக்கு அது குறை. திருத்தக் கணக்குப் போட்டுத் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்த விஷயம். இன்று அந்தக் குறையைத் தேடித்தான் வாங்குகிறார்கள். புது லென்ஸ்கள் எல்லாம் மூலைவரை சுத்தமாக, ஒன்றைப் போலவே இன்னொன்று என்று ஆகிவிட்டதால், கோணல் உள்ளவற்றுக்கு மவுசு.

சூப்பர் டாக்குமார் 50 எம்எம் எஃப்/1.4ன் சில பதிப்புகளில் தோரியம் என்ற கதிரியக்கத் தனிமம் கலந்த கண்ணாடி இருக்கிறது. ஒளியை அதிகம் வளைக்கவும் நிறப்பிரிகையைக் குறைக்கவும் அந்தக் காலத்தில் அது தோதான வழி. கதிரியக்கத்தால் ஆண்டுகள் போகப்போகக் கண்ணாடி தேன் நிறத்துக்கு மாறும். புற ஊதா வெளிச்சத்தில் பல நாட்கள் வைத்தால் மறுபடி தெளியும். இதைக் கேள்விப்பட்டவுடன் எனக்கு அந்த லென்ஸால் என்ன எடுக்கலாம் என்று தோன்றவே இல்லை, அதைப் பார்க்க வேண்டும் என்றுதான் தோன்றியது. இதில் எதிர்காலத்து ஆள் யாரும் கிடையாது. பொருளின் மேல் நேரடியாக வரும் பிரியம். ஃபோகஸ் வளையத்தைத் திருகும்போது உள்ளே இருக்கும் கிரீஸ் கொடுக்கும் மெத்தென்ற எதிர்ப்பு, அபெர்ச்சர் ஒவ்வொரு நிலையிலும் சொடுக்கும் ஓசை, உலோகத்தில் செதுக்கி வண்ணம் நிரப்பிய எண்கள். இப்படிச் சேர்ப்பவர்களைப் பார்த்து ‘இத்தனையும் வைத்து என்ன படம் எடுத்தாய்’ என்று கேட்பது பொருத்தமில்லாத கேள்வி. நாணயம் சேர்ப்பவரிடம் போய் அதை எப்போது செலவழிப்பாய் என்று யாரும் கேட்பதில்லை. பழசுக்கென்று வேறு தலைவலிகள் உண்டு. அபெர்ச்சர் இதழ்களில் எண்ணெய் கசியும், உள்கண்ணாடியில் மூட்டம் படரும். காற்றில் ஈரம் அதிகம் இருந்தால் ஃபங்கஸ் வலை பின்னும், விட்டுவைத்தால் கண்ணாடியின் மேற்பூச்சையே அரித்துவிடும். நாற்பதிலிருந்து ஐம்பது சதவீத ஈரப்பதத்தில் வைக்கும் பெட்டியை வாங்க நேர்வது இப்படித்தான். பெட்டி வந்ததும் அதில் காலி இடம் இருப்பது கண்ணை உறுத்தும்.

கம்பெனிகளின் பங்கைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பழியை அங்கே போட்டுவிட்டுத் தப்புவது சுலபம். மவுண்ட் மாறினால் வீட்டில் உள்ளவை அனாதையாகும். கேனான் 1987ல் எஃப்டி மவுண்டை விட்டு இஎஃப் மவுண்டுக்குப் போனபோது அது நடந்தது. 2018ல் ஆர்எஃப் வந்தபோது அடாப்டர் இருந்ததால் வலி குறைவு. 16-35, 24-70, 70-200 மூன்றையும் எஃப்/2.8ல் வைத்திருப்பவருக்கு ஒரு நிறைவைக் கற்பித்து, அந்த மூன்றை மும்மூர்த்திகள் ஆக்கியதிலும் விளம்பரத்துக்குப் பங்கு உண்டு. ஆனால் பரணிலிருந்து ஹீலியோஸைத் தேடி எடுக்கச் சொல்லி எந்தக் கம்பெனியும் விளம்பரம் செய்யவில்லை.

பெட்டியில் இருக்கும் வரை கூடுதல் லென்ஸ்களால் ஒரு தொந்தரவும் இல்லை. பைக்குள் வரும்போதுதான் சிக்கல். ஐந்து லென்ஸோடு வெளியே போனால் ஒவ்வொரு காட்சிக்கும் முன்னால் ஒரு மந்திராலோசனை நடக்கும். இதை அகலத்தில் எடுப்பதா, தூரத்தில் இழுப்பதா? மூடியைக் கழற்றி, பின்மூடியை வாயில் கவ்வி, தூசு விழாமல் பாடியைக் கவிழ்த்துப் பிடித்து மாற்றி முடிப்பதற்குள், சைக்கிளில் வந்தவர் போய்விட்டிருப்பார். நேரத்தைவிடப் பெரிய இழப்பு ஒன்று உண்டு. ஒரே லென்ஸோடு நீண்ட நாள் இருந்தால் கேமராவைத் தூக்குவதற்கு முன்பே சட்டம் கண்ணில் விழுந்துவிடும். 35 எம்எம்மில் இந்தத் தூணிலிருந்து அந்தக் கதவு வரை வரும், ஆள் முழுசாக வர இன்னும் இரண்டடி பின்னால் போக வேண்டும் என்பதெல்லாம் கால்களுக்கே தெரிந்திருக்கும். வ்யூஃபைண்டரில் கண் வைப்பது சரிபார்க்க மட்டும்தான். அடிக்கடி லென்ஸ் மாறினால் கண்ணுக்கு எந்தக் கோணமும் சொந்தமாவதில்லை. பிரெஸ்ஸோனுக்கு 50 எம்எம்மால் கிடைத்தது அதன் கூர்மை இல்லை, இந்தப் பழக்கம்தான் என்று நினைக்கிறேன். அதைக் கடையில் வாங்க வழியில்லாததால்தான் 50 எம்எம்மை வாங்குகிறோம்.

அதனால் கிளம்பும்போது ஒன்று, மிஞ்சினால் இரண்டு என்று எடுத்துக்கொள்கிறேன். மிச்சத்தைப் பற்றி எனக்கு மனசாட்சி உறுத்தல் எதுவும் கிடையாது. விற்பதா வேண்டாமா என்று பார்க்கும்போது, கடைசியாக எப்போது பயன்படுத்தினேன் என்ற கேள்வியையும் விட்டுவிட்டேன். அந்தக் கேள்வியில் என் மேக்ரோ தேறியிருக்காது. இந்த லென்ஸ் யாருக்காக வந்தது, அந்த ஆள் வரவேண்டும் என்று இப்போதும் எனக்கு ஆசை இருக்கிறதா என்று கேட்டுக்கொள்கிறேன். டில்ட்-ஷிஃப்ட் அப்படித்தான் கைமாறியது. முக்காலியும் மட்டமுமாகக் கட்டடங்களின் முன் நிற்கிறவனை நினைத்துப் பார்த்தேன். நல்ல மனிதன்தான், ஆனால் அவனோடு ஒரு மாலைப் பொழுதைக் கழிக்க எனக்கு விருப்பமில்லை. வாங்கிக்கொண்டவர் கட்டடக்கலை படிக்கிறவர். முதல் வாரமே செங்குத்துக் கோடுகள் நட்டமாக நிற்கும் ஒரு படிக்கட்டை எடுத்து அனுப்பினார். ஹீலியோஸிடம் இந்தக் கேள்வி செல்லாது, அதனால் அது இருக்கும். பெருந்தொலைவு லென்ஸ் வேண்டும் என்று தோன்றினால் இரண்டு நாள் வாடகைக்கு எடுத்துப் பார்ப்பது என்று வைத்திருக்கிறேன். ஐந்து மணிக்கு எழுகிறவன் எனக்குள் இருக்கிறானா என்று தெரிந்துகொள்ள இரண்டு விடியல் போதும். இதுவரை அவன் இல்லை.

85 எம்எம்மைப் பற்றித்தான் ஒரு முடிவுக்கு வர முடியவில்லை. அது முகங்களை எடுப்பதற்காக வந்தது. தெரியாதவரிடம் போய், உங்களை ஒரு படம் எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்க எனக்கு இன்னும் கூச்சம். கேட்காமல் தூரத்திலிருந்து எடுப்பதற்கும் அந்த லென்ஸ் உதவும், ஆனால் அப்படி எடுக்கிறவனை எனக்குப் பிடிக்கவில்லை. சேர்ந்து நடக்கும் குழுவில் ஒரு பெண் இருக்கிறாள், கேட்டுக் கேட்டே எடுப்பவள். அடுத்த தடவை அவளோடு போகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். அவள் வைத்திருப்பது பழைய கிட் லென்ஸ்.